கிளைப்பனைக்குப் பக்கத்துப் பாலம்

எங்கள் பஸ்ஸில் கழிப்பறை இருக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விசாரணைக் குழுவுக்கு எழுதும் கடிதத்தை இப்படித் தொடங்குவது அழகில்லைதான். ஆனால் வந்தவர்கள் இருபத்தாறு பேர், எல்லோரும் அறுபத்தைந்து தாண்டியவர்கள், பாதிப்பேர் நீரிழிவுக்காரர். இது தெரியாமல் மற்றதை விளங்கிக்கொள்ள முடியாது.

அன்புள்ள சுஜீவா, குழுத் தலைவி என்ற முறையில் நீங்கள் எல்லோருக்கும் அனுப்பிய மின்னஞ்சலில் ஒரு கேள்விதான் இருந்தது. ஜனவரியில் போன கம்போடியாச் சுற்றுலாவில் எங்கள் மூத்தோர் ஒன்றியத்தை ஏமாற்றியது யார், பஸ் சாரதி சோபாலா, அவரை வேலைக்கு வைத்திருக்கும் முகவர்களா? வரும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் சோபாலை வேலையிலிருந்து நீக்கச் சொல்லி முகவர்களுக்கு எழுதத் தீர்மானம் வருகிறது என்றும் அறிந்தேன். முன்மொழிபவர் என் கணவர் மகேந்திரராஜா. சோபாலுக்கு மூன்று பிள்ளைகள், அவருக்குத் தெரிந்த தொழில் அந்த பஸ் ஒன்றுதான். ஆகவே ஞாயிறுக்கு முதல் இது உங்கள் கைக்கு வரவேண்டும் என்று எழுதுகிறேன். சோபால் யாரையும் ஏமாற்றவில்லை. பயண ஒழுங்குகளைச் செய்தவள் நான். என்ன நடந்தது என்று எனக்குத்தான் தெரியும்.

என் கணவரை நீங்கள் அறிவீர்கள். அவரை அறியாமல் மேற்கு சிட்னியில் ஒரு கூட்டத்துக்குப் போய்வருவது கடினம். பாலப் பொறியியலாளராக இருந்தவர். கொழும்பிலும் பிறகு இங்கேயுமாக முப்பத்தெட்டு வருடம் பாலம் பாலமாகவே வாழ்ந்தார். ஓய்வுபெற்ற பிறகு பயண நூல்கள் எழுதுகிறார். எல்லோரும் போகிற இடத்துக்கு அவர் போகமாட்டார். "அங்கோர் வாட்டை ஆரும் பாப்பினம். காட்டுக்குள்ள கிடக்கிறதைத் தேடிப் பாக்கிறவன்தான் பயணி" என்று ஒன்றியக் கூட்டத்தில் சொன்னார். அதைக் கேட்டுத்தான் இருபத்தாறு பேர் பெயர் கொடுத்தார்கள்.

காட்டுக்குள் கிடப்பவை உண்மையிலேயே பார்க்க வேண்டியவை. அங்கோரிலிருந்து கிழக்கே போகும் பழைய இராசபாட்டையில், எண்ணூறு வருடத்துக்கு மேலான கல்பாலங்கள் இன்னும் நிற்கின்றன. துளைதுளையான சிவப்புக் கல், பூச்சும் இல்லை சாந்தும் இல்லை. கெமர் கொத்தர்கள் கல்லுக்கு மேல் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே நீட்டிக்கொண்டு போய் நடுவில் முட்டவைத்திருக்கிறார்கள். அதனால் தண்ணீர் போகும் கண்கள் ஒடுக்கமாகவும் தூண்கள் தடிப்பாகவும் இருக்கும். இரண்டு பக்கக் கைப்பிடிச் சுவரும் நாகத்தின் உடம்பு. முனைக்கு முனை ஏழு தலையோடு படமெடுத்து நிற்கும். காலையில் சிதைந்த கோயில்கள், பின்னேரத்தில் பாலம் என்று ஒழுங்குசெய்தேன். நாலாம் நாள் மேற்குப் பாலம், ஐந்தாம் நாள் நடுப் பாலம், ஆறாம் நாள் கிழக்குப் பாலம் என்று நிகழ்ச்சிநிரலில் அச்சடித்தும் கொடுத்தேன்.

நாலாம் நாள் மேற்குப் பாலத்துக்குப் போனோம். அழகான பாலம். மேற்கு முனையில் இடப்பக்கத்து நாகத்துக்கு மூன்றாவது தலை உடைந்து ஆறு தலைதான் மிச்சம். அதற்குப் பக்கத்தில் ஒரு கிளைப்பனை. யாழ்ப்பாணத்தாருக்குப் பனை புதினமில்லை, ஆனால் இரண்டாகக் கிளைவிட்ட பனை எங்கே கண்டாலும் புதினம். எல்லோரும் பாலத்தை விட்டுவிட்டுப் பனையடிக்குப் போய்விட்டார்கள். இன்னும் சிலர் பனையையும் விட்டுவிட்டுத் தெருவோரத்து வீட்டுக்குப் போய்விட்டார்கள், ஏனென்றால் இளநீர் விற்கும் ஒரு பெண்ணின் அந்த வீட்டில் கொமோட் வைத்த கழிப்பறை இருந்தது. வெள்ளை வெளேரென்று, கைப்பிடிக் கம்பியோடு. அந்தப் பயணத்தில் எங்கள் ஆட்கள் மனமுருகி நின்ற இடம் எது என்று கேட்டால் நான் அதைத்தான் சொல்வேன்.

என் கணவர் பாலத்துக்கு முன்னால் நின்று விளக்கம் சொன்னார். அவர் எப்போதும் கூட்டத்தைப் பார்த்து நிற்பார், ஆகையால் பாலம் முதுகுக்குப் பின்னால் இருக்கும். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. கேட்க வந்தவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேச முடியாது. நாற்பத்தைந்து நிமிடம் பேசினார். பிறகு ஒன்றியத்தின் பதாகையை விரித்துப் படம் எடுத்தோம். பதாகை ஒன்பதடி நீளம், நாலடி உயரம். நீங்கள் சுற்றுலாப் புகைப்படங்கள் எல்லாவற்றையும் வாங்கிப் பரிசீலித்தும் ஒன்றும் பிடிபடவில்லை என்று எழுதியிருந்தீர்கள். ஒரு படத்திலும் பாலம் இல்லை என்பதுதான் காரணம். பதாகை இருக்கிறது, அதற்கு மேல் இருபத்தாறு தலை, அதற்கு மேல் பனையின் இரண்டு தலை.

மறுநாள் காலை நடுப் பாலத்துக்குப் போகும் வழியை மழை அறுத்துவிட்டது. அந்தப் பக்கத்தில் கழிப்பறையும் கிடையாது. இருபத்தாறு பேரையும் ஒன்றரை மணிநேரம் குலுக்கிக் கொண்டுபோய் ஒரு வசதியும் இல்லாத இடத்தில் இறக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. ஆகவே ஊர்களுக்குள்ளால் ஒரு பெரிய சுற்றுச் சுற்றி, நேற்றைய பாலத்துக்கே கிழக்குப் பக்கத்தால் வரச் சொன்னேன். மத்தியானம் சோறு சாப்பிட்டிருந்தார்கள், பஸ்ஸில் குளிரூட்டி நன்றாக வேலை செய்தது, எல்லோரும் உறங்கிவிட்டார்கள்.

சோபால் மட்டும் கண்ணாடிக்குள்ளால் என்னைப் பார்த்தார். "மேடம், இது நேற்றுப் பார்த்த பாலம்" என்றார். ஆங்கிலத்தில், மெதுவாக, மற்றவர்கள் எழும்பாமல். நான் ஆமென்றேன். எங்கள் வழக்கத்தில் ஒரு புனிதமான இடத்தை மூன்று முறை வலம்வர வேண்டும் என்றும், அவர்களுக்கு வயதாகிவிட்டதால் ஒரு நாளுக்கு ஒன்றுதான் முடியும் என்றும் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. தங்களுக்கும் அப்படித்தான், விகாரையை மூன்று முறை சுற்றுவோம் என்றார். அன்றிலிருந்து அந்தப் பாலத்துக்குக் கிட்டப் போகும்போதெல்லாம் தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் பஸ்ஸை ஓட்டினார். சோபாலின் பங்கு இவ்வளவும்தான், குழு இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இறங்கியதும் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று நினைத்தேன். கண்டுபிடித்தால் உள்ளதைச் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். எங்கள் பொருளாளர் செந்தில்நாதன் அண்ணர்தான் முதலில் இறங்கினார். சுற்றிப் பார்த்தார்.

"இஞ்சேயும் கிளைப்பனை" என்றார். "இந்த மண்ணில பனை எல்லாம் கிளைவிடும் போல."

"மண்ணில்லை செந்தில், தண்ணி" என்றார் என் கணவர். "ஆத்துப் படுக்கையில நிக்கிற பனை அப்பிடித்தான். எழுதவேணும் இதை."

எழுதியும்விட்டார், பிறகு வெளிவந்த நூலில் இருபத்தெட்டாம் பக்கம். கழிப்பறைக்குப் போய்வந்த செந்தில்நாதன் அண்ணர், "கவனிச்சியளே, டொய்லட் எல்லாம் ஒரே அச்சில கட்டியிருக்கினம். அரசாங்கத்தின்ர திட்டமாக்கும். அந்த ரோஸ் கலர் வாளி உட்பட" என்று அரசாங்கத்தையும் பாராட்டினார். இளநீர்க்காரியைப் பார்த்து, நேற்றைய பெண்ணின் தங்கச்சி என்று முடிவுகட்டினார்கள். அவளும் சிரித்தாள். என் கணவர் பாலத்துக்கு முதுகைக் காட்டி நின்று, மேற்குப் பாலத்துக்கும் நடுப் பாலத்துக்கும் உள்ள வேறுபாடுகளை நாற்பத்தைந்து நிமிடம் விளக்கினார். முதலாவதில் ஒரு கம்பீரம் இருந்தது, இதில் ஒரு நளினம் இருக்கிறது என்றார். பலபேர் தலையாட்டினார்கள். நான் ஏன் சபையில் எழும்பி அவரைத் திருத்த வேண்டும்? ஒரு நல்ல மனைவி அப்படிச் செய்யமாட்டாள்.

ஆறாம் நாள் அதே பாலத்தடியில் எல்லோரையும் ஆற்றுக்குள் இறக்கிவிட்டேன். தண்ணீர் வற்றியிருந்ததால் மணலில் நடந்துபோய்க் கீழேயிருந்து பாலத்தைப் பார்க்கலாம். இளநீர்க்காரி எங்களைக் கண்டதும் கேட்காமலே பிளாஸ்டிக் கதிரைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். செந்தில்நாதன் அண்ணருக்குச் சீனி வருத்தம் என்று தெரிந்துவைத்து வெறும் தண்ணீர் கொடுத்தாள். "பாருங்கோ, முன்னப்பின்னத் தெரியாத சனத்துக்கு என்ன உபசாரம்" என்று ஒருவர் கண்கலங்கினார். என் கணவர் மூன்றாவது பாலத்தில் கலை தேய்ந்துபோனதைக் கண்டார். சிற்பியின் கை தளர்ந்துவிட்டது, நாகத்துக்கு ஆறு தலை வைத்ததே அதற்குச் சாட்சி என்றார்.

நான் மூன்று நாளும் என்ன செய்தேன் என்று குழு கேட்கவில்லை. வேறு யாரும் கேட்டதில்லை. சொல்லிவிடுகிறேன்: படம் கீறிக்கொண்டிருந்தேன். நான் கொழும்பில் அவர் வேலைசெய்த திணைக்களத்தில் படவரைஞராக இருந்தவள். அங்கேதான் சந்தித்தோம். அவர் பாலம் என்று சொல்வதை நான் பாலமாகக் கீறிக் கொடுப்பேன். இங்கே வந்தபிறகு நான் ஒரு பாலர் பராமரிப்பு நிலையத்தில் வேலைசெய்தேன், ஆனால் அவருடைய கட்டுரைகளுக்கும் நூல்களுக்கும் படம் நான்தான். ஒரு பாலத்தோடு மூன்று நாள் இருக்கக் கிடைத்தது எனக்குப் பெரிய சந்தோஷம். மேற்கிலிருந்து ஒன்று, கிழக்கிலிருந்து ஒன்று, ஆற்றுக்குள்ளிருந்து ஒன்று என்று மூன்று படம். கண்களை எண்ணினேன், பதினாலு. மூன்று முறையும் பதினாலுதான் வந்தது. கிழக்கிலிருந்து பார்க்கும்போது அந்த உடைந்த நாகம் தூரத்தில் ஓர் அரிசியளவில் தெரிந்தது. அப்படியிருந்தும் ஆறு தலைதான் வைத்தேன், ஏழு வைக்கவில்லை. வேலை என்றால் வேலைதான்.

சிட்னிக்கு வந்ததும் அவர் எழுதத் தொடங்கினார். அவர் சொல்லச் சொல்ல நான் தட்டச்சுச் செய்தேன். 'கெமர் தேசத்தின் மூன்று பாலங்கள்' என்று தலைப்பு வைத்தார். ஒவ்வொரு பாலத்துக்கும் ஓர் அத்தியாயம். முதலாவது பாலத்துக்குப் பதினாலு கண், இரண்டாவதுக்குப் பதின்மூன்று, மூன்றாவதுக்குப் பதினைந்து என்றார். "எண்ணினனீங்களோ?" என்று கேட்டேன். "எண்ணாமல் சொல்லுவனே, முப்பத்தெட்டு வருசச் சேவை" என்றார். தட்டச்சுச் செய்தேன். மூன்று பாலங்களையும் கட்டியவர்கள் மூன்று வெவ்வேறு பரம்பரைக் கொத்தர்கள் என்று நிறுவுவதற்குப் பதினொரு பக்கம் எடுத்தார். அதையும் தட்டச்சுச் செய்தேன். எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லாமல் பார்த்துக்கொண்டேன். பதினெட்டு இடத்தில் சந்தி போட்டேன். யாரும் என் கவனக்குறைவைக் குறைசொல்லிவிடக்கூடாது என்பதில் நான் கண்டிப்பு.

அட்டைக்குள் பக்கத்தில் 'எழுத்தும் படங்களும்: மகேந்திரராஜா' என்று போடச் சொன்னார். அதுவும் புதிதில்லை. அவருடைய முதல் நூலில் கடைசிப் பக்கத்தின் கீழே என் பெயர் இருந்தது. இரண்டாவதில் இடம் போதவில்லை. மூன்றாவதில் 'படங்கள்: ஆசிரியர்' என்று வந்தது. அப்போது கேட்டேன். "புருசன் பெஞ்சாதிக்குள்ள என்ன என்ர, உம்மட எண்டு" என்றார். அதில் நியாயம் இருக்கிறது. நான் பிறகு அந்தக் கதையை எடுக்கவில்லை.

ஓகஸ்ட் மாதம் டூங்கபி மண்டபத்தில் நடந்த வெளியீட்டு விழாவுக்கு நீங்களும் வந்திருந்தீர்கள், சுஜீவா. ஆனால் நீங்கள் வாசலில் உறவினரோடு கதைத்துக்கொண்டு நின்றதால் நடந்ததை முழுதாகப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். விளக்கேற்றினார்கள், வாழ்த்துப் பாடினார்கள், அகவணக்கம் செலுத்தினார்கள். வெளியீட்டுரை, நயப்புரை, அதற்கு மேல் ஓர் ஆய்வுரை. முதற்பிரதி வாங்குபவரைப் பற்றி ஓர் உரை. சிறப்பு விருந்தினராக மெல்பேணிலிருந்து டொக்டர் போபா வந்திருந்தார். கம்போடியாவில் பிறந்து இங்கே பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறவர். பழைய கெமர் பாதைகளையும் பாலங்களையும் இருபது வருடமாக ஆராய்பவர். கம்போடியாவைப் பற்றிய தமிழ் நூலுக்கு ஒரு கம்போடியப் பேராசிரியர் வருவது எவ்வளவு பெருமை என்று என் கணவர் வீட்டில் நாலு நாள் நித்திரை கொள்ளவில்லை. அவரை எப்படிப் பிடித்தீர் என்று என்னைக் கேட்டார். எழுதிக் கேட்டேன், ஓமென்றார் என்றேன்.

டொக்டர் போபாவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஆகவே உரைகள் நடக்கும்போது பாவம், அவர் படங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் முதல் வரிசையில் இருந்தேன். அவர் முதலாவது படத்தைப் பார்த்தார். இரண்டாவதைப் பார்த்தார். திரும்பி முதலாவதுக்குப் போனார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்றாவதைப் பார்த்தார். அவர் முகத்தில் வந்த சிரிப்பை என் வாழ்க்கையில் என் படத்தைப் பார்த்த வேறொரு முகத்தில் நான் கண்டதில்லை.

அவர் ஆங்கிலத்தில் பேச, செந்தில்நாதன் அண்ணர் பக்கத்தில் நின்று தமிழில் சொன்னார். ஒரு பாலத்தை இவ்வளவு நுட்பமாகப் பதிவுசெய்த படங்களைத் தன் இருபது வருட ஆய்வில் பார்த்ததில்லை என்றார் டொக்டர். அண்ணர் அதைச் சொன்னதும் சபை கைதட்டியது. இந்தக் கல்லுகளைத் தன் கையால் தொட்டு அறிந்திருப்பதாகவும், நாகத்தின் உடைந்த தலைகூடத் தப்பாமல் வந்திருக்கிறது என்றும் சொன்னார். அதற்கும் கைதட்டல். இந்த ஒரே பாலத்தை மூன்று திசையிலிருந்தும் மூன்று படமாகத் தந்தது அருமையான யோசனை என்றார். "இந்த ஒரே..." என்றுவிட்டு செந்தில்நாதன் அண்ணர் நின்றுவிட்டார்.

டொக்டர் போபா அதைக் கவனிக்கவில்லை. படங்களுக்குக் கீழே இருந்த எண்களை அவரால் வாசிக்க முடிந்தது. மூன்று படத்திலும் கண்கள் பதினாலு சரியாக இருக்கின்றன, இங்கே ஏன் பதின்மூன்று என்றும் அங்கே பதினைந்து என்றும் போட்டிருக்கிறது, அச்சகத்தின் பிழையா என்று விசாரித்தார். பிறகு, இதையெல்லாம் வரைந்தது யார் என்று கேட்டார். பெரிய மரியாதையோடு கேட்டார்.

இந்த இடத்தைக் குழு நிதானமாக யோசிக்க வேண்டும். என் கணவருக்கு முன்னால் அப்போது இரண்டு வழி இருந்தன. படங்களை வரைந்தது தன் மனைவி என்று சொல்லலாம். அப்படிச் சொன்னால் அவர் அவசரத்தில் கவனிக்காமல் விட்ட ஒரு மனிதர், அவ்வளவுதான். சபை சிரித்துவிட்டு வடை சாப்பிடப் போயிருக்கும். தானே வரைந்தேன் என்று சொல்லலாம். சொன்னால், ஒரே பாலம் என்று நன்றாகத் தெரிந்துகொண்டு மூன்று பாலமாக எழுதிய புளுகர் ஆவார். ஒரு பொறியியலாளருக்கு எது நல்லது என்று நான் சொல்லத் தேவையில்லை. வேறு வழி இருக்குமென்று நான் நினைத்துப் பார்க்கவேயில்லை.

அவர் எழும்பினார். "நான்தான் வரைந்தனான்" என்றார். "மூண்டும் ஒண்டெண்டு எனக்குத் தெரியாது. டிரைவர் எங்களை ஏமாத்திப்போட்டான்."

அதாவது, முப்பத்தெட்டு வருடம் பாலத்தோடு வாழ்ந்த ஒருவர், ஒரு பாலத்தின் பதினாலு கண்ணையும் உடைந்த தலையையும் தன் கையாலேயே மூன்று முறை கீறிவிட்டு, அது ஒரே பாலம் என்று கவனிக்காமல் விட்டாராம். சபை அவரை அப்படித்தான் பார்த்தது. பின்வரிசையில் பேரப்பிள்ளைகள் சிரித்தார்கள். டொக்டர் போபா குனிந்து படங்களைத் திரும்பவும் பார்த்தார், பிறகு என் கணவரின் கைகளைப் பார்த்தார். என் கணவர் உலகத்தின் பெரிய மடையன் என்ற பெயரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். என் பெயரைச் சொல்வதைவிட அது அவருக்கு லேசாக இருந்தது. அதுதான் எனக்குச் சரியாக வலித்தது.

மறுநாள் காலை குசினிக்கு வந்தார். நான் தோசை சுட்டுக்கொண்டிருந்தேன்.

"மூண்டும் ஒண்டெண்டு உமக்குத் தெரியுமோ?"

"ஓம்."

"எப்பயிருந்து?"

"முதல்ல இருந்தே."

"பின்னை ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லையே."

அவர் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். இரண்டு தோசை சாப்பிட்டார். கோபத்திலும் அவருக்குச் சாப்பாடு இறங்கும், அது ஒரு நல்ல குணம். பிறகு கையைக் கழுவாமலே சொன்னார்: "நீர் படத்தை அவ்வளவு சரியாக் கீறியிருக்கத் தேவையில்லை."

நாற்பத்திரண்டு வருடத்தில் என் படத்தைப் பற்றி அவர் சொன்ன முதல் வார்த்தை அது. உள்ளதைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மூன்றாவது தோசைக்கு நெய் விட்டுக் கொடுத்தேன்.

அன்று பின்னேரம் சோபாலைப் பற்றிய தீர்மானத்தை அவர் எழுதினார். என்னிடம் தட்டச்சுச் செய்யத் தந்தார். அதையும் தட்டச்சுச் செய்தேன். உங்களிடம் இருக்கும் பிரதியில் எழுத்துப்பிழை இல்லாததை நீங்கள் கவனித்திருப்பீர்கள்.

இனி, மேலே எழுதியதில் சில சின்னத் திருத்தங்கள். நீங்கள் சட்டத்தரணி என்பதால் துல்லியம் முக்கியம்.

நடுப் பாலத்துக்குப் போகும் வழியை மழை அறுத்தது என்று எழுதினேன். ஜனவரியில் அந்தப் பக்கம் மழை பெய்வது குறைவு. எங்கள் பயணத்தில் ஒரு துளியும் பெய்யவில்லை. வழி நன்றாகத்தான் இருந்தது. அந்தப் பக்கத்தில் கழிப்பறை இல்லை என்றும் எழுதினேன். ஒரு பெற்றோல் நிலையம் இருந்தது, அதில் கொமோட் இரண்டு. சோபால் சொன்னார். நான்தான் வேண்டாமென்றேன்.

டொக்டர் போபாவைப் பற்றியும் ஒன்று. எழுதிக் கேட்டேன் என்றது உண்மை. கேட்டது நூலுக்குப் பிறகு இல்லை, பயணத்துக்கு முன்னே வந்த நவம்பரில். அதற்கு முந்தின மாதம் மெல்பேணில் இருக்கும் மகள் சயந்தினியிடம் போயிருந்தேன். சனிக்கிழமை கேரம் டவுன்ஸ் கோயிலுக்குப் போய்விட்டு வரும் வழியில் ஒரு நூலகத்தில் டொக்டரின் பேச்சு இருந்தது. போய் இருந்தோம். அந்தப் பாலத்தின் படத்தைத் திரையில் காட்டி, உடைந்த தலையையும் கிளைப்பனையையும் பற்றிச் சொன்னார். இந்த இரண்டையும் வைத்து இந்தப் பாலத்தை யாரும் எங்கேயும் அடையாளம் காணலாம் என்றார். பேச்சு முடிந்ததும் போய் வழி கேட்டுக் குறித்துக்கொண்டேன். பக்கத்தில் இளநீர்க்காரி வீட்டுக் கழிப்பறை இருப்பதையும் அவர்தான் சொன்னார். வீட்டுக்கு வந்து நிகழ்ச்சிநிரலில் மூன்று நாளுக்கும் மூன்று பெயர் அடித்தேன். பிறகு டொக்டருக்கு எழுதினேன்: அடுத்த வருடம் என் கணவர் இந்தப் பாலத்தைப் பற்றி ஒரு நூல் வெளியிடுவார், நீங்கள் வந்து படங்களைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல வேண்டும். அப்போது அவர் ஒரு வரியும் எழுதியிருக்கவில்லை. ஆனால் எழுதுவார் என்றும், எண்ணமாட்டார் என்றும், படத்துக்குக் கீழே யாருடைய பெயர் வரும் என்றும் எனக்குத் தெரியும். நாற்பத்திரண்டு வருடம் ஒருவரோடு இருந்தால் இவ்வளவும் தெரியாமலா போகும்?

ஆகவே ஏமாற்றியது நான். இருபத்தாறு பேரையும் ஒரே பாலத்துக்கு மூன்று முறை கொண்டுபோனவள் நான். நூலில் பிழை விழ விட்டவள் நான். அதைப் பிடிக்கக்கூடிய ஒரே ஆளைத் தேடிப்பிடித்து விமானத்தில் வரவழைத்து, சபைக்கு நடுவில் இருத்தியவளும் நான்தான். சோபால் தொப்பியைக் கழற்றியதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமைத் தீர்மானத்தைத் தள்ளுபடி செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இதையெல்லாம் கோபத்தில் செய்தேன் என்று குழு நினைத்துவிடக்கூடாது. எனக்கு அவரில் ஒரு கோபமும் இல்லை. என் பெயர் அச்சில் வரவேண்டும் என்று நான் ஒருநாளும் ஆசைப்பட்டவளும் இல்லை. இந்தக் கடிதத்தை நூற்றிருபது பிரதி எடுத்து, மூன்று படங்களையும் பக்கத்துக்கொன்றாகச் சேர்த்து, நல்ல தடித்த தாளில், ஒன்றிய அங்கத்தவர் எல்லோருக்கும் இன்று காலை தபாலில் போட்டது சோபாலுக்கு நியாயம் கிடைக்க வேண்டும் என்பதற்காக மட்டும்தான்.

இப்படிக்கு,
ரஞ்சினி,
படவரைஞர்
(இணைப்பிலுள்ள மூன்று படங்களும், முந்தைய மூன்று நூல்களின் நாற்பத்தேழு படங்களும், கொழும்பில் கீறிய பதினாறு பாலங்களும்)